யாரும் பார்க்காத கிலோமீட்டர்கள்



சென்ற மாதம் ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். "ஃபாதர், ஜனவரியில் மாரத்தான் ஓடப்போகிறேன். புற்றுநோய் நோயாளிகளுக்காகப் பணம் சேர்க்கிறோம். நீங்களும் ஒரு தொகை எழுத வேண்டும்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஓட்டங்கள்மீது எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. நோயாளிக்குப் பணம் வேண்டுமென்றால் நேரே கேட்டு வாங்கிக் கொடுக்கலாமே, இடையில் எதற்கு 42 கிலோமீட்டர், எதற்குப் புது பனியன், எதற்குப் புகைப்படம்? அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஓடுவது ஒரு நாள்தான், ஃபாதர். பயிற்சி ஆறு மாதம். தினமும் நாலரைக்கு எழ வேண்டும். அம்மாவுக்குக் கீமோ கொடுத்த நாட்களில் அந்த நேரத்தில்தான் வாந்தி வரும். அப்பா எழுந்து பிடித்துக்கொள்வார். எனக்கும் சத்தம் கேட்கும். பயம். போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருப்பேன். இப்போது எழுந்துகொள்கிறேன்."

அந்த அம்மாவை அடக்கம் செய்தவன் நான்தான். மகன் பெட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது நினைவிருக்கிறது. இந்தப் பாரத்தோடு நின்றார் என்று எனக்குத் தெரியாது.

அவர் போன பிறகு, இந்தப் பழக்கத்தை யார்தான் இவ்வளவு பரப்பியது என்று தேடிப் படித்தேன். டெரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞனின் பெயர் வந்தது. சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில்கூட அவர் பெயரில் ஓட்டம் நடந்திருக்கிறது. 1977-இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய்க்காக அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சிகிச்சைக்குப் போன இடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தார். செயற்கைக் காலோடு கனடா முழுவதையும் குறுக்கே ஓடிக் கடப்பது, அதன் வழியாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது என்று முடிவு செய்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், அட்லாண்டிக் கடலில் அந்தச் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான். ஆரம்பத்தில் அவரைக் கவனித்தவர்கள் குறைவு. மழை, பனி, எதிர்க்காற்று. பிறகு ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே இருமலும் நெஞ்சுவலியும் அவரை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. நாட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் ஆசை. 1981 பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 28 அன்று இறந்தார். வயது இருபத்திரண்டு.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு முந்தைய பகுதி. 1979 தொடக்கத்தில் பயிற்சியை ஆரம்பித்தபோது முதல் நாள் அவரால் ஓட முடிந்தது சுமார் 800 மீட்டர்தான். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருட்டில் ஓடினார். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது முன்னால் வந்து ஊன்றுவதற்குள் நல்ல காலால் இரண்டு முறை தத்த வேண்டும். வெட்டுப்பட்ட இடம் உராய்ந்து ரத்தம் கசியும். ஒரு நாள் வழியிலேயே செயற்கைக் கால் இரண்டாக முறிந்து, ஆள் கீழே விழுந்தார். இரண்டு துண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த வண்டியை மறித்து ஏறி வீட்டுக்குப் போனார். துண்டுகளைச் சேர்த்து இறுக்கினார். மறுபடியும் வெளியே போய் இன்னும் எட்டு கிலோமீட்டர் ஓடினார். 101 நாட்கள் ஒரு நாளும் விடாமல் ஓடியவர், கிறிஸ்துமஸ் அன்று அம்மா கேட்டுக்கொண்டதற்காக ஓடாமல் இருந்தார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தாய்மார்கள் எங்கேயும் தாய்மார்கள்தான்.

அந்தப் பயிற்சியின் மொத்தத் தூரம் 5,000 கிலோமீட்டருக்கு மேல். கணக்கைப் பாருங்கள். கடலில் காலை நனைப்பதற்கு முன்பே அவர் ஏறக்குறைய அவ்வளவு தூரத்தையும் ஒருமுறை ஓடி முடித்துவிட்டார். அப்போது கூட்டமில்லை, தொலைக்காட்சி இல்லை, காணிக்கை இல்லை. யாரும் ஒரு டாலர்கூடத் தராத ஐயாயிரம் கிலோமீட்டர் அது.

திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு ஓட்டப்பந்தயத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அவர்களுக்கு அது நன்றாகப் புரியும். ஏனென்றால் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடக்கும். அந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள். பரிசைப் பற்றிச் சொன்ன கையோடு பவுல் பயிற்சிக்கு வந்துவிடுகிறார். ஓடுகிறவர் உடலை அடக்கிப் பழக்குவதைப் பேசுகிறார், தன்னையும் அப்படித்தான் பழக்குவதாகச் சொல்கிறார். இத்தனை ஆண்டுகளாக நான் பிரசங்கம் வைத்தது முழுக்கப் பரிசைப் பற்றித்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் இந்த நேரத்தில் ஒரு நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து, கோப்பை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அடையாறு மருத்துவமனைக்குப் போய்வருகிறீர்கள். சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறீர்கள். சாப்பிட மறுப்பவருக்குக் கஞ்சியை ஆற்றி மூன்றாவது முறையாக நீட்டுகிறீர்கள். எரிச்சலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு குளியலறையில் போய் அழுகிறீர்கள். உங்களுக்கு யாரும் தெருவில் நின்று கை தட்டியதில்லை. அந்த இளைஞரின் அப்பாவுக்கும் தட்டியதில்லை. நானும் அடக்கம் முடிந்த அன்று அவரிடம் அம்மாவைப் பற்றித்தான் பேசினேன். அவர் எத்தனை இரவு விழித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. போன வாரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்.

இளைஞர் மறு ஞாயிறு தாளோடு மறுபடியும் வந்தார். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதும் ஏற்பாடாம். என் பெயரை எழுதி, தொகையும் போட்டேன்.

"இதுவரை பயிற்சியில் எவ்வளவு ஓடியிருக்கிறீர்கள், தம்பி?"

"அறுநூறு தாண்டிவிட்டது, ஃபாதர்."

"அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அதற்கு இதில் கட்டம் இல்லையே, ஃபாதர்."

ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.