கட்டுமானப் பணியில் எழும் பூசல்கள்

வீடு ஒன்று கட்டத் தொடங்குகிறோம். கடைக்கால் தோண்டுவதற்கு இவ்வளவு கூலி என்று மேஸ்திரியிடம் பேசி முடித்தாயிற்று. நான்கடி ஆழம் சென்றதும் பாறை தலைகாட்டுகிறது. பாறையை உடைக்கத் தாம் ஒப்பவில்லை என்கிறார் மேஸ்திரி. கடைக்கால் என்றுதானே பேசினோம், மண்ணென்றும் பாறையென்றும் பிரித்துப் பேசவில்லையே என்கிறார் வீட்டுக்காரர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அணைகளிலும் சுரங்கங்களிலும் பேருருக்கொண்டு நீதிமன்றம் ஏறுவது பெரும்பாலும் இந்தப் பூசலேயாகும்.

அமெரிக்காவிலே, கொலராடோ மாநிலத்து ராக்கி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப் பாதை அமைந்திருக்கிறது. போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக அதில் இரு வழிகள். முதல் வழியைக் குடையும் வேலை 1968-இல் தொடங்கியது. முன்னரே சிறு துளையொன்றைக் குடைந்து பாறையின் இயல்பை ஆராய்ந்தும் இருந்தனர். ஆயினும் எதிர்பாராத இடங்களில் பாறை நொறுங்கிக் கிடந்தது. தாங்கி நின்ற சட்டங்களை நெருக்கியது. மூன்றாண்டுக் காலத்தில் முடியுமென்று கருதிய பணி 1973 மார்ச்சு வரை நீண்டது. செலவு மதிப்பீட்டை விஞ்சியது. தாங்கள் நூல் சொன்னபடியே நடந்ததாகவும், மலைதான் நூலைப் படிக்கவில்லை என்றும் ஓர் எஞ்சினீயர் நொந்து சொன்னாராம்.

மிகுந்த செலவை ஏற்பவர் யார்? மாநில அரசா, ஒப்பந்தக்காரரா? இங்கேதான் சுரங்க வேலைக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று வருகிறது. குடைந்த பாறையின் மேல் கான்கிரீட்டுப் பூச்சு ஏறிவிட்டால் சாட்சி மறைந்துபோகிறது. சில ஆண்டுகள் கழித்து வழக்கை விசாரிக்கும் நீதிபதி பாறையைக் காண்பதில்லை. பாறையைப் பற்றிய காகிதங்களையே காண்கிறார். அதற்குள் இரு சாராரும் வழக்கறிஞர்க்குக் கொடுத்த பொருளைக் கொண்டு இன்னும் சில கஜ தூரம் குடைந்திருக்கலாம்!

ஆதலால் 1975-இல் இரண்டாம் வழியைத் தொடங்கியபோது புதிய ஏற்பாடு ஒன்று செய்தனர். பூசல் எழுந்த பின் நடுவரைத் தேடாமல், பணி தொடங்கும்போதே மூவர் கொண்ட குழு ஒன்றை அமர்த்தினர். இத்தகைய குழுவிலே ஒருவரை அரசும், மற்றொருவரை ஒப்பந்தக்காரரும் தெரிவு செய்வர். அவ்விருவரும் கூடி மூன்றாமவரைத் தெரிவு செய்வர். மூவரும் தொழில் அறிந்தவர்கள். எவர் கட்சிக்கும் வாதாடுபவர்கள் அல்லர். பூசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது வேலைத்தலத்திற்கு வருவார்கள். பாறையைப் பூச்சு ஏறுமுன் கண்ணாரக் காண்பார்கள். இரு சாராரையும் அமரவைத்துக் கேட்டுத் தம் கருத்தை எழுதித் தருவார்கள்.

அக்கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. பின் என்ன பயன் என்று நீங்கள் வினவலாம். எனக்கும் முதலில் அந்த ஐயம் இருந்தது. ஆனால் அனுபவம் மிக்க மூவர் ஒருமித்துச் சொன்னதை மீறி நீதிமன்றம் செல்ல எவரும் எளிதில் துணிவதில்லை. மேலும், குழுவின்முன் சொல்ல வேண்டியிருக்குமென்ற நினைவே மிகையான கோரிக்கைகளை அடக்கிவிடுகிறது. இரண்டாம் வழி 1979 டிசம்பரில் திறக்கப்பட்டது.

இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. உலக வங்கி 1995-இல் தன் கடனுதவியால் நடைபெறும் பெரும் பணிகளுக்கு இதனை வற்புறுத்தலாயிற்று. பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியைக் கொண்டது. அங்கே தீர்ப்பாளர் பொதுவாக 28 நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும். வழக்கு மன்றமோ நடுவரோ இறுதியாகத் தீர்க்கும்வரை அம்முடிவு இரு சாராரையும் கட்டுப்படுத்தும். பணம் வராமல் நலிகின்ற சிறிய துணை ஒப்பந்தக்காரர்களுக்கு இவ்விரைவு பெரிய ஆதரவு.

குழுவுக்கும் குறை உண்டு. மூவருக்கும் ஊதியம், பயணச் செலவு எல்லாம் கொடுக்கவேண்டும். மாடி வீடு கட்டுகிறவர் அதற்கு எங்கே போவார்? அவருக்கு ஒரு குறிப்புப் புத்தகமே போதும். பாறை தென்பட்ட அன்றே, ஆழமும் அளவும் குறித்து, தேதியிட்டு, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் அதில் கையெழுத்திடலாம். கூலியைப் பற்றிய பேச்சு மறுநாள் நடக்கட்டும். பாறை இருந்ததா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.