கடாரத்தைக் காண வாரீர்



விடுமுறை வந்தால் ரோமாபுரியின் தேவாலயங்களையும் வெனிஸ் நகரத்து அரண்மனைகளையும் கண்டுவர வேண்டும் என்னும் ஆவல் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல ஆவலே. ஆயினும், ஆலயமும் அரண்மனையும் தீவும் ஒருங்கே அமைந்த தொல்நிலத்தில்தான் நாம் வாழ்கின்றோம் என்பதை அலோர் ஸ்டாரில் நின்று நினைவூட்ட விழைகின்றோம்.

இந்நகரின் நடுவே பாலாய் பெசார் என்னும் அரச மண்டபமும், 1912-இல் கட்டத் தொடங்கிய ஜாஹிர் பள்ளிவாசலும், அரச இசைக்கருவிகளைக் காக்கும் பாலாய் நோபாட் கோபுரமும் அருகருகே நிற்கின்றன. அங்குள்ள அரச முரசின் பெயரும், நம் கோயில்களில் முழங்கும் 'நகரா' என்னும் பெயரும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. கோலக் கெடாவில் படகேறினால் லங்காவித் தீவு. அங்கே மசூரியின் கல்லறை உள்ளது. குற்றமற்றவள் கொல்லப்பட்டாள் என்னும் கதையை மக்கள் இன்றும் சொல்கின்றனர். சொல்வதனால் அவ்விடம் வாழ்கின்றது.

இனித் தெற்கே, ஜெராய் மலையடிவாரத்திற்கு வருவோம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் மெர்போக்கின் தொல்பொருள் காட்சியகத்தை அடையலாம். அதனருகே புக்கிட் பத்து பகாட், அதாவது உளிபட்ட கல்லின் குன்று. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த கோயிலை, 1960-ஐ ஒட்டி அலஸ்டயர் லாம்ப் சீரமைத்தார். கருவறை இருந்த மேடையும், அதன் முன் மண்டபத் தூண்களைத் தாங்கிய கல் ஆதாரங்களும் இன்று எஞ்சியுள்ளன. இத்தகைய பழங்கோயிலை மலாய்மொழி 'சண்டி' என்கிறது. நாம் இன்று வழிபடும் கோயிலைக் 'குயில்' என்கிறது. பின்னது நம் 'கோயில்' என்னும் சொல்லே. இரு சொற்களும் இரு காலங்களின் சுவடுகள்.

பட்டினப்பாலை கூறும் காழகத்திற்குக் 'கடாரம்' என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். தமிழில் கடாரம் என்பது பெரிய கொப்பரை. வடமொழிக் 'கடாகம்' என்பதற்கும் அதுவே பொருள். இவ்வூர்ப் பெயர் இரு மொழிகளிலும் அவ்வாறே வழங்கியது.

கடாரம் என்றவுடன் 1025-ஆம் ஆண்டளவில் நடந்த இராசேந்திரனின் படையெடுப்பையே பெருமையாகப் பேசுகின்றோம். அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கினான். போருக்குப் பின், 1090-இல், கடாரத்துத் தூதர் வேண்டியதற்கிணங்க முதற் குலோத்துங்கன் அவ்விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்தான். போர் வந்து போயிற்று. உறவோ அதற்கு முன்னும் பின்னும் இருந்தது. இதனையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும்.

ஏன் இதனை வற்புறுத்துகின்றோம்? 2013-ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கில் வீட்டுமனைத் திட்டத்திற்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது, பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் இடிக்கப்பட்டது தெரியவந்தது. தனியார் நிலத்திலிருந்த அது பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. நாடெங்கும் வருத்தக்குரல் எழுந்தது. நாமும் வருந்தினோம். ஆனால் அதற்கு முன் அங்கே ஒரு முறையேனும் சென்று நின்றவர் நம்முள் எத்தனை பேர்? கதை உள்ள கல்லறை காக்கப்பட்டது. கதை சொல்வாரற்ற கோயில் மண்ணோடு மண்ணாயிற்று.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவை மெர்போக்கிற்கு அமையுங்கள். பெருமை பேசுவதற்கு முன் அக்கற்களை அளந்து, வரைந்து, அவற்றின் பெயர்களை எழுதிவரச் சொல்லுங்கள். மலாய், சீன நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்நிலம் அனைவர்க்கும் உரியது. மாணவச் செல்வங்களே, ரோமாபுரிக்கும் ஒருநாள் செல்லுங்கள். அங்கே ஒருவர் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், விடை சொல்லத் தெரிந்தவர்களாய்ச் செல்லுங்கள்.