இணையத்தை ஆளும் மேசையில் நம் மொழிக்கு இடம் எங்கே?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு இணைய ஆளுகை பற்றிய சர்வதேசக் கூட்டம் ஒன்றில் இணையவழியில் கலந்துகொண்டேன். சமூக ஊடகங்களில் வெறுப்புப் பேச்சை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது தலைப்பு. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. சாதிப் பெயரையே வசவாக எழுதும் தமிழ்ப் பதிவைப் புகார் செய்தால் 'விதிமீறல் இல்லை' என்று பதில் வருகிறது. அதைப் படித்து முடிவெடுப்பது யார்? அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரியுமா?

பேச ஒரு நிமிடம் கொடுத்தார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லை எங்கள் ஊர்த் தெருவில் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்து இந்தியர் ஒருவர் சரளமாகப் பேசினார். இந்தியாவின் மொழிப் பன்மையைப் பாராட்டினார். சாதி என்ற சொல் அவர் பேச்சில் வரவே இல்லை. கூட்டக் குறிப்பில் இந்தியாவின் குரலாகப் பதிவானது அவருடைய பேச்சுதான்.

இது என் நாக்கின் குறை மட்டும்தானா என்று யோசித்தேன். இல்லை தோழர்களே, அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன், 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. இணையத்தின் தொழில்நுட்பத் தரநிலைகள் ஆங்கிலத்தில் விவாதிக்கப்பட்டு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் 2006இல் ஏதென்ஸில் முதன்முதலாகக் கூடியது. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: அரபி, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். 2008இல் அந்த மன்றம் ஐதராபாத்திலேயே கூடியது. அந்த ஊரின் தெலுங்கு இந்த ஆறில் இல்லை. தமிழும் இல்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 1980களில் இணைய முகவரிகளை வடிவமைத்தவர்கள் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தார்கள். வேற்று எழுத்தில் ஒரு நாட்டின் பெயர் முகவரியாக வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எல்லாம் உண்டு. ஆனாலும் தமிழில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தால், 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் ஏராளம்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2010இல் ஒருங்குறியில் கிரந்தத்தைச் சேர்க்கும் பேச்சு நடந்தது. எ, ஒ, ழ, ற, ன போன்ற தமிழ் எழுத்துகளையும் கிரந்தத்துக்குள் கொண்டுபோகும் முன்மொழிவும் வந்தது. எல்லாம் ஆங்கில ஆவணங்கள். வல்லுநர்களுக்குள் நடந்த விவாதம். விஷயம் தமிழில் வெளியே வந்த பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய முதல்வர் கலைஞர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2014இல் கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றபோது அந்த எழுத்துகள் அதில் இல்லை. நமக்குத் தெரிந்தால் தலையிட முடியும். தெரியவிடாமல் தடுப்பது மொழி.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியாரின் வழியில் வந்த நாம் அப்படிச் சொல்ல முடியாது. சமஸ்கிருதம் அடைத்து வைத்த கதவைத் திறக்க ஆங்கிலம் நமக்கு உதவியது. அண்ணல் அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழை மராத்தியில் தொடங்கினார். 1930இல் லண்டன் வட்டமேசையில் ஆங்கிலத்தில் வாதாடினார். தம் மக்களோடு பேச ஒரு மொழி, உலகத்திடம் நியாயம் கேட்க ஒரு மொழி. இரண்டும் நமக்கு வேண்டும்.

ஆனால் ஆங்கிலம் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் ஆங்கிலம் புழங்குகிறவரும், கல்லூரியில்தான் முதன்முதலாக ஆங்கில வழி வகுப்பில் உட்கார்ந்தவரும் ஒரே ஒலிவாங்கி முன் நிற்கிறார்கள். சரளமாகப் பேசுவதைத் 'திறமை' என்கிறார்கள். இந்தச் சொல்லை இடஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் நிறையவே கேட்டிருக்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. மக்கள் கருத்துக் கேட்கும் ஆவணங்கள் தமிழிலும் அதே நாளில் வர வேண்டும். தமிழில் எழுதும் கருத்தை ஏற்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவு கேட்பவருடையது. இந்தியாவின் பெயரில் யார் பேசுகிறார்கள் என்பதில் சாதியையும் பார்க்க வேண்டும். 'இந்திய மொழி' என்ற பெயரில் இந்தியை மட்டும் உள்ளே விட்டால் அது தீர்வாகாது.

நாமும் ஒன்று செய்ய வேண்டும். நம்மில் ஆங்கிலம் வாய்த்தவர்கள், அந்த ஆவணங்களைப் படித்து, நான்கு பக்கமாவது தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுப்போம். என் கேள்வியை மறுநாளே தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. அடுத்த முறை அதைத் தனியாக அனுப்பப் போவதில்லை. உங்கள் கையெழுத்தும் வேண்டும்.