வில் இல்லாத கை

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் என் பெயர்த்தியை அழைத்துக்கொண்டு தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திற்குச் சென்றிருந்தேன். 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றன் முன்னே அவள் நெடுநேரம் நின்றாள். நான்கு கைகள். பின்னிரு கைகளில் மழுவும் மானும். முன்னிரு கைகளில் ஒன்றுமே இல்லை. ஆனால் எதையோ பற்றியிருப்பனபோல விரல்கள் மட்டும் மடிந்திருக்கின்றன.

"தாத்தா, இவர் கையில் என்ன இருந்தது?" என்றாள்.

"ஒன்றில் வில், மற்றொன்றில் அம்பு" என்றேன்.

"இவர் பெயர் என்ன?"

"திரிபுராந்தகர்" என்று சொல்லிவிட்டேன். நாற்பதாண்டு தமிழ் கற்பித்த வாய்தான் சொல்லிற்று! அவள் தலையாட்டினாள். விளங்காததற்குத் தலையாட்டும் பழக்கத்தை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு விடுகின்றனர். எனக்கு நாணமாகிவிட்டது. "மூவெயில் எரித்தவன் அம்மா, எயில் என்றால் மதில், கோட்டை" என்றேன். உடனே அவள், "மூன்று கோட்டையையும் ஒரே அம்பால் எரித்தாரா?" என்று கேட்டாள். பெயர் விளங்கியதும் கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வியை முன்னிட்டே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

தொன்கதை உங்களுக்குத் தெரிந்ததே. அவுணர் மூவர்க்குப் பொன், வெள்ளி, இரும்பாலான மூன்று பறக்கும் கோட்டைகள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் ஒரு நொடியில், ஓரம்பால் எய்தாலன்றி அவற்றை அழித்தல் இயலாது. நிலவுலகே தேர்; ஞாயிறும் திங்களும் உருளைகள்; நான்மறைகள் குதிரைகள்; நான்முகன் தேரோட்டி; மேருமலை வில்; பாம்பு நாண்; திருமால் அம்பு. இத்துணைப் படைக்கலங்களும் கூடிய பின்னர், நாமின்றி இவர் வெல்வாரோ என்று வானோர் தருக்கினர் என்றும், அது கண்டு சிவபெருமான் சிரித்தார், அச்சிரிப்பிலேயே மூவெயிலும் எரிந்தன என்றும் தமிழ்நாட்டில் வழங்கும். அம்புக்கு வேலையே இல்லாமற் போயிற்று. அப்படிப் பார்த்தால், அந்தத் திருமேனியின் கை வெறுங்கையாக இருப்பதும் ஒருவகையில் கதைக்குப் பொருந்தத்தான் செய்கின்றது.

வில்லும் அம்பும் உருவத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டவை அல்ல. தனியே செய்து கையிற் பொருத்துவர். ஆதலின் எளிதில் பிரிந்து போயின. உருவமோ மெழுகில் முதலிற் செய்யப்பெறும். அதன்மேல் ஆற்று வண்டலைப் பூசி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய மாழையை ஊற்றி, ஆறிய பின்னர் மண்கூட்டை உடைப்பர். கூடு உடைவதால் ஒன்றைப்போல் மற்றொன்று வாராது. திருவேரகம் என்று போற்றப்பெறும் சுவாமிமலையில் இன்றும் காவிரி வண்டலைக் கொண்டே இத்தொழில் நடக்கின்றது. செம்பும் ஈயமும் அறிந்த அக்கைகள் தமிழில்தான் பேசிக்கொண்டன.

பெயருக்கு வருவோம். திரி என்றால் மூன்று; அந்தகன் என்றால் முடிவு செய்பவன். இதனைச் சொல்ல நமக்குச் சொல் இல்லையா? புறநானூற்றின் 55-ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஓரம்பால் மூவெயிலை அழித்த இறைவனை எடுத்துக்காட்டுகின்றார். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட பாடல் அது. முப்புரம் என்பதிலுள்ள புரம் எம்மொழிச் சொல் என்று வழக்கிடுவாரும் உளர். எயில் என்பதில் யார்க்கும் ஐயமில்லை.

கதை மாபாரதத்திலும் விரிவாக உண்டே என்பீர்கள். உண்டு. கதை யாருடையது என்னும் வழக்கை நான் இங்கு எடுக்கவில்லை. கதைகள் ஆறு கடக்கும், மலை கடக்கும். வந்த கதையைத் தன் சொல்லால் சொல்லிக்கொள்ளும் மக்கள் அதனைத் தமதாக்கிக் கொள்கின்றனர். நம் தோழர்களுள் கடவுட் கொள்கை இல்லாதாரும் இருக்கின்றீர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்வேன். முப்புரம் என்பது மும்மலத்தின் செயல். அதனை அறியாதார் கோட்டையை எரித்தான் என்பர் என்று திருமூலரே பொருள் மாற்றிச் சொல்லியிருக்கின்றார். கதையைக் கேள்விக்கு உட்படுத்தும் துணிவு தமிழுக்குள்ளேயே இருந்தது. புரியாத பெயரில் வழங்கும் கதையை யார் கேள்வி கேட்பார்?

இனித் தஞ்சைப் பெரிய கோயில். 1010-இல் நிறைவுற்ற அக்கோயிலின் வானளாவிய கோபுரத்து மேல்நிலை மாடங்களில், வில்லேந்திய இவ்வுருவத்தையே திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கின்றான் இராசராசன். போரில் வென்ற மன்னனுக்கு இவ்வெற்றி பிடித்திருந்தது போலும். கருவறையைச் சுற்றிய உள்வழியில், பின்னாளைய நாயக்கர் காலப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழ ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கும் மூவெயில் எரித்த காட்சி உண்டு. எட்டுக் கைகளோடு தேர்மீது இறைவன்; எதிரே அவுணர் கூட்டம். அந்த அவுணரைப் பற்றிக்கொண்டு அவர்தம் பெண்டிர் கலங்கி நிற்கின்றனர். வென்றவன் கோயிலில் தோற்றவன் மனைவியின் அச்சத்தையும் எழுதிய அந்த ஓவியனின் பெயர் தெரியவில்லையே என்று நான் வருந்துவதுண்டு. செப்புத் திருமேனியில் அவுணரும் இல்லை, தேரும் இல்லை, தீயும் இல்லை. நிற்கும் நிலையும் விரல் மடிப்புமே கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். ஓவியத்தினும் இது கடினமான வேலை.

அதே கோயிற் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஆடும் இறைவனுக்கு ஆடவல்லான் என்று பெயர். பொன் நிறுக்கும் கல்லுக்கும், நெல் அளக்கும் மரக்காலுக்கும்கூட அதே பெயர். திருமேனியின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் அளந்து கல்லில் வெட்டியிருக்கின்றனர். உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்ததைப் பொள்ளல் என்று எழுதினர். எவ்வளவு நேரான சொல்! அக்கல்வெட்டுகளில் பிரதிமம் முதலான வடசொற்களும் கலந்துள்ளன. நமக்கு ஏற்றதை மட்டும் காட்டி மற்றதை மறைத்தல் ஆராய்ச்சி ஆகாது. கலப்பு அன்றே தொடங்கிவிட்டது. ஆயினும் அன்று ஆடவல்லான் நெல்லளக்கும் களம்வரை நடந்து வந்தான். இன்று நடராசர் என்றால்தான் நமக்கே விளங்குகின்றது.

திருமேனிகளின் பெயர் மட்டுமா? ஊர்ப்பெயரும் அவ்வாறே. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்னும் ஊர். சென்னையிற் பாயும் ஆற்றின் பெயரால் அதனை அறிவீர்கள். அங்குள்ள கோயிலைத் திருஞானசம்பந்தர் திருவிற்கோலம் என்று பாடினார். வில்லேந்திய கோலம், இரண்டே சொல்லில் அந்தச் செப்புத் திருமேனியே கண்முன் வந்து நிற்கின்றது. இன்று அவ்விறைவனை எப்பெயரால் குறிக்கின்றனர் தெரியுமா? திரிபுராந்தகர் என்றே.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் மதுராந்தகத்தை அடுத்து ஓர் ஊர். மூவெயில் எரிக்கப் புறப்பட்ட தேரின் அச்சு முறிந்த இடம் என்பது ஊர்வழக்கு. இறுதல் என்றால் முறிதல். அச்சு இறு பாக்கம் – அச்சிறுபாக்கம். சம்பந்தர் பதிகம் பெற்ற ஊர். அதனை இன்று அச்சரப்பாக்கம் என்கின்றோம், எழுதவும் செய்கின்றோம். ஒரு றகரம் போய் ரகரம் வந்தது. அச்சும் போயிற்று, முறிந்ததும் போயிற்று, தேரும் போயிற்று. வடமொழியாளர் எவரும் வந்து இதைச் செய்யவில்லை. நம் நாவே செய்தது.

தஞ்சையிலிருந்து திரும்பும் வழியில் அந்த ஊரைக் கடந்தபோது இதைப் பெயர்த்தியிடம் சொன்னேன். ஊர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் றகரம் போட்டு எழுதிக்கொண்டாள். "அச்சு முறிந்த பிறகு தேர் எப்படிப் போயிற்று, தாத்தா?" என்று அடுத்த கேள்வி. விழுப்புரத்திலிருந்து எங்களுடன் வந்த முதியவர் ஒருவர், அது தன் பாட்டன் சொன்ன கதை என்று தொடங்கி, தாம்பரம் வரும்வரை விடை சொல்லிக்கொண்டு வந்தார்.