மொரீசியஸ் நோட்டில் நம் எழுத்து

ஆப்பிரிக்க நாடு ஒன்று தன் ரூபாய் நோட்டில் தமிழில் அச்சடிக்கிறது. மொரீசியஸைத்தான் சொல்கிறேன். பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். நம் காரைக்கால் மாவட்டத்தைப் போல் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. படை என்று தனியாக ஒன்று அந்த நாட்டுக்குக் கிடையாது.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி ஏறியது 1739-இல். அப்போது அந்தத் தீவும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. 1735-இல் அங்கே ஆளுநராகப் போன லா பூர்தொனே, போர்ட் லூயி நகரை எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1746-இல் கப்பல்களோடு வந்து சென்னையைப் பிடித்தவரும் இவர்தான். 1810-இல் தீவு ஆங்கிலேயரிடம் போயிற்று. ஆனாலும் உரிமையியல் சட்டத்தின் அடித்தளம் இன்றுவரை நெப்போலியன் சட்டமே.

1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் லட்சக்கணக்கில் போனார்கள். அவர்கள் கரையேறிய படித்துறைதான் ஆப்ரவாசி காட். 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் காரைக்கால் துறைமுகத்தில் கப்பலேறியவர்களோ, பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கும், கடல்கள் தாண்டி மார்த்தினீக், குவாதலூப்புக்கும் போனார்கள்.

அந்த நோட்டுக்கு வருகிறேன். தொகையைத் தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் பலருக்கே படிக்கத் தெரியாத எண்கள் அவை. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் வைத்துவிட்டார்கள். முதலில் வந்தவர்கள் நாங்கள் அல்லவா என்று தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையே நிலைத்தது. இத்தனைக்கும் அந்த வீடுகளில் பேச்சுமொழி பெரும்பாலும் கிரியோல்தான்! வாயில் தேய்ந்துபோன மொழிக்காகத் தெருவில் இறங்கினார்களே, அதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. மஞ்சள் மணக்கும் காவடி இறங்கியதும் வாழையிலை போட்டு, சோற்றைச் சுற்றி ஏழு கறி வைத்து, ரசமும் ஊற்றுகிறார்கள்.

மோக்கா என்னும் ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. பாட்டனின் பெயர், தகப்பன் பெயர், புறப்பட்ட ஊர் எல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஊர் தேடி வருகிறவர்கள் உண்டு. அப்படி யாராவது நம் பக்கம் வந்து ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டு வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வாருங்கள்.