காலனிக்கு எப்போது தன்னாட்சி?



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவர் மறைந்தது 1945 செப்டம்பர் 18. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுத்த இரண்டே ஆண்டில் ஆட்சி கைமாறியது. யார் கைக்கு மாறுகிறது என்ற கேள்வியை, முதல் உலகப் போரின்போதே நம் முன்னோர் கேட்டுவிட்டார்கள்.

1917 ஆகஸ்டில் மாண்டேகு, இந்தியர்களுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்தபோது, ஆதிதிராவிடர் அமைப்புகள் அவர்முன் தங்கள் அச்சத்தை வைத்தன. எங்களைத் தெருவில் நடக்கவிடாதவர்கள் கையில் ஆட்சியைக் கொடுத்தால் எங்கள் கதி என்ன என்பதே அதன் சாரம். இதற்காக அவர்களைத் தேசத்துரோகிகள் என்றார்கள். இன்றும் சில பாடநூல் மனங்கள் அப்படியே நினைக்கின்றன. துரோகமா, நியாயமான கேள்வியா என்பதை அடுத்து நடந்ததை வைத்து முடிவு செய்வோம்.

1918இல் பருவமழை பொய்த்தது. போரினால் ஏற்கெனவே ஏறியிருந்த தானிய விலை இன்னும் ஏறியது. செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. கூடவே இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்து, இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வீட்டில் குதிர் இருந்தவன் தாக்குப்பிடித்தான். அன்றாடக் கூலியில் அடுப்பு எரித்தவன் வீட்டில்தான் முதலில் உலை அணைந்தது. 1919இல் ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக். ஆண்டு முடிவில் இந்திய அரசுச் சட்டம். போர், பசி, கொந்தளிப்பு, தன்னாட்சி என்று வரலாறு இதை வரிசைப்படுத்துகிறது. இந்த வரிசையில் பசியில் நாம் முன்னே நின்றோம். ஆட்சியில் எங்கே நின்றோம்?

கணக்கு இருக்கிறது. 1920 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 127 இடங்களில் 98 இடங்களுக்கு வாக்கெடுப்பு. சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு. ஒடுக்கப்பட்ட சாதிகள் அனைத்துக்கும் சேர்த்து நியமன இடங்கள் ஐந்து. அன்று தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. இங்கே பிறர் நிலத்தில் பாடுபட்டவனுக்கு அந்த வாக்குச்சீட்டு எட்டவில்லை. அடுத்த ஆண்டே, பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆலைச் சண்டை சாதிச் சண்டையானது. இந்த வேதனையோடுதான் எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

ஆனால் அந்த நியமன நாற்காலிகளை நம்மவர்கள் வீணாக்கவில்லை. ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று அரசு எழுதிவந்த இடத்தில் ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத 1922இல் வழிசெய்தார் ராஜா. பொதுச்சாலை, பொதுக்கிணறு எவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார் சீனிவாசன். தேர்தல் தராததை வாதாடி வாங்கினார்கள்.

தோழர்களே, பிரிட்டிஷாரின் காலனி 1947இல் விடுதலை பெற்றது. ஊருக்கு வெளியே இருக்கும் காலனி? 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டபோது, இம்மாவட்டத்தில் ஊராட்சி இருந்தது, சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள், காவல் நிலையங்கள் இருந்தன. தன்னாட்சியின் எல்லா உறுப்புகளும் இருந்தன. வீடுகளும் எரிந்தன. அதற்கு முன், 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததே குற்றமாயிற்று.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் 1922இல் பெயர் மாறிய பிறகும் 1924இல் கிணற்றுக்குத் தீர்மானம் தேவைப்பட்டது என்பதை மறக்கமாட்டோம். பலகையில் சொல் மாறுவது முதல் படி. சுடுகாட்டுப் பாதையும் தண்ணீர்த் தொட்டியும் ஊராட்சிப் பணமும் நம் தெருவுக்கு வருவது அடுத்த படி.

அக்டோபர் 2, கிராம சபை நாள். 1965இல் இம்மாவட்டம் பிறந்ததும் அதே நாளில்தான். அன்று மாணவர்கள் ஊருக்குப் போங்கள். சபையில் முன்வரிசையில் உட்காருங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டதையும், கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்திருக்காதீர்கள். யார் கைக்கு ஆட்சி என்று நூறாண்டுக்கு முன் கேட்டவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுதான்.

ஜெய்பீம்.