பதிவேட்டின் இரண்டாவது கட்டம்



சாதி ஒழிப்பு மேடையில் கூலிப் பதிவேட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சங்க வேலையாக நான் புரட்டிய எந்தப் பதிவேட்டிலும் 'சாதி' என்றொரு கட்டம் இருந்ததில்லை. ஆனால் 'பயிற்சியாளர்', 'ஒப்பந்தம்', 'தினக்கூலி' என்ற பெயர்களுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சாதி எங்கே எழுதியிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. முதலாளி பதிவேடு வைத்தாக வேண்டும் என்றது அதன் 8ஆம் பிரிவு. விதிகள் அதற்கு 'டி' படிவத்தைத் தந்தன. முதல் கட்டம், தொழிலாளர் வகை. இரண்டாவது, செய்யும் வேலையின் சுருக்கமான விவரம். அதன் பிறகு ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், ஊதியம் என்ன, பஞ்சப்படி என்ன என்று போகும்.

முதல் கட்டம் முதலாளி வைக்கிற பெயர். இரண்டாவது கட்டம் தொழிலாளி செய்கிற வேலை. திறனும் உழைப்பும் பொறுப்பும் ஒன்றாக இருந்தால், பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான் என்றது சட்டம். ஆகவே முதலாளிகள் வித்தை காட்டியதெல்லாம் முதல் கட்டத்தில்தான்.

நம் கொங்குப் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தலித், பிற்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்களின் பதின்வயதுப் பெண்கள் மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் அடைபட்டு, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு இயந்திரத்தோடு ஓடினார்கள். முடிவில் 'கல்யாணத்துக்கு' ஒரு தொகை. பதிவேட்டில் அவர்கள் பயிற்சியாளர்கள். இழை ஒட்டக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டா? 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கு என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தாண்டிக் குதிக்கத்தான் அந்தப் பெயர்.

கோவை மாநகராட்சிக்கு வாருங்கள். 2022 அக்டோபரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த தினக்கூலியைக் கொடு, பணியை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர். நிரந்தரப் பணியாளர் அள்ளுவதும் அதே குப்பை, ஒப்பந்தப் பணியாளர் அள்ளுவதும் அதே குப்பை. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லிவிட்டது.

இங்கே சட்டத்தின் எல்லையையும் பார்க்க வேண்டும். சம ஊதியச் சட்டம் ஆணையும் பெண்ணையும் மட்டுமே ஒப்பிட்டது. ஒப்பந்தத்தில் இருக்கும் அருந்ததிய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறைகூலி கொடுத்தால், பதிவேடு 'சமம்' என்று காட்டும். ஒரு சாதியையே ஒரு வகைக்குள் தள்ளிவிட்டு, அந்த வகைக்குள் எல்லாரும் சமம் என்பது எந்த ஊர் நியாயம்?

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 50ஆம் பிரிவு பதிவேட்டையும் ஊதியச் சீட்டையும் கட்டாயமாக்குகிறது. 59ஆம் பிரிவின்படி, குறைத்துக் கொடுத்தார்கள் என்று வழக்குப் போட்டால், முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. நல்லது. ஆனால் விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேர் வரை வைத்திருப்பவருக்குப் பதிவேடும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்று அதே 50ஆம் பிரிவு விலக்கும் தருகிறது. நம்மூர்த் தோட்டங்களில் களை எடுப்பவர் யார்? வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர் யார்? சாதி எங்கே நேருக்கு நேர் கூலி பேசுகிறதோ, அங்கே எழுத்தே வேண்டாம் என்கிறது சட்டம்.

இளம் தோழர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறேன். உங்கள் ஊரில் ஆலைக்குப் போகும் தங்கைகளின் ஊதியச் சீட்டை வாங்கிப் படியுங்கள். என்ன பெயர் போட்டிருக்கிறது, என்ன வேலை செய்கிறார் என்று இரண்டையும் எழுதி வையுங்கள். மாநகராட்சியிடமும் நகராட்சியிடமும் ஒப்பந்தக்காரரின் ஊதியப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தோட்டக் கூலிக்குப் போகும் அம்மாக்களோடு உட்கார்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, தோட்டம், செய்த வேலை, வாங்கிய கூலி. ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டிய கடமை அந்தத் தோட்டக்காரருக்கும் உண்டு. அன்றைக்கு நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.